நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் ஒரு ஜோடித் தோடும்

சரிபுலாக்
மார்ச் 4

என் ஒட்டகக் கன்றே பலாவுசா,

இங்கே நான், உங்கப்பா, பசு, பசுவின் வயிற்றில் இருப்பது எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, செய் என்று மட்டும் சொல்கிறேன். போன மாத ஆரம்பத்தில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய், அம்மா அங்கே எல்லோரும் இப்போது என்ன படிக்கிறீர்கள், உனக்கு ரொம்பப் பிடித்த ஒரு புத்தகத்தைச் சொல், இங்கே நம் பாஷையில் படிக்க ஒன்றும் இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கிறது என்று. அதற்குப் பதில் எழுத மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்துகொள், கையில் சூடான டீ இருந்தால் கீழே வை. உனக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம். செய்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை, ஒரு புத்தகத்தைப் படிக்காமல் விட்டதால் வந்த வினை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய், போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே கத்த ஆரம்பிப்பாய், நல்ல சேதி இரண்டாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதனால்தான் காகிதம். மெருயெர்ட்டின் தம்பி வெள்ளிக்கிழமை வார்சாவுக்கு வருகிறான், அவன் கையில் இதையும் இரண்டு கிலோ குர்த்தும், அதான் நம் காய்ந்த தயிர் உருண்டை, கொடுத்து அனுப்புகிறேன். குர்த்தை அறையில் இருக்கும் மற்றப் பெண்களுக்கும் கொடு, உப்புக்கல் மாதிரி இருக்கிறது என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

டிசம்பரில் விழுந்த பனியில் நூலகக் கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன் இல்லையா. மெருயெர்ட்டை உனக்குத் தெரியும், இருபது வருஷமாக அந்த நூலகத்தில் உட்கார்ந்து ஊரையே ஷ்ஷ் என்று அடக்கியவள், அவள் ஒரே நாளில் பனிச்சறுக்கு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து வீட்டுக்கு ஒரு அலமாரித் தட்டு என்று இறக்கிவிட்டாள். கூரை சரியாகும் வரை உங்கள் வீட்டு அடுப்புச் சூட்டில் காயட்டும், யாரும் மாவு சலிக்கும் பலகையாகப் பயன்படுத்தக் கூடாது, ஜாடிக்கு மூடியாக வைக்கக் கூடாது, வேண்டுமானால் படிக்கலாம் என்றாள், அந்தக் கடைசி வார்த்தையை ஏதோ ஆபத்தான சலுகை மாதிரி சொன்னாள். யாருக்கு எது பிடிக்கும் என்றெல்லாம் பார்க்கவில்லை, எந்தத் தட்டு எந்த வரிசையில் வண்டியில் ஏறியதோ அந்த வரிசையில் வீடு. ஆகவே நம் தெருவில் யார் என்ன படிக்கிறார்கள் என்று நீ கேட்டால் அது அவரவர் ருசி இல்லை, தலையெழுத்து. கசாப்புக்கடை ஓராஸ்பெக்குக்குக் குழந்தைக் கதைகள் வந்தன. ஒரு நொண்டி ஓநாயின் கதையைக் கல்லாவுக்குக் கீழே வைத்துப் படித்துவிட்டு அழுகிறான், ஆட்டுத்தொடை வாங்கப் போனால் ஓநாய் முடியும் வரை நிற்க வேண்டியிருக்கிறது. முல்லா வீட்டு செய்னெப் அக்காவுக்குத் துப்பறியும் நாவல்கள். யாராவது ஒன்றை இரவல் கேட்டால் கொலைகாரன் பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறாள், வாங்கிப் போகிறவர்கள் ராத்திரி பயந்து தூக்கம் கெடக் கூடாதாம், மரியாதைக்காகச் சொல்கிறாளாம். நமக்கு வந்தது "உல்மேகன் வீட்டு ஒன்பது குளிர்காலம்" என்கிற ஒன்பது பாகக் காதல் நாவலும் ஒரு தேனீ வளர்ப்புப் புத்தகமும். தேனீப் புத்தகத்தை உங்கப்பா எடுத்துக்கொண்டார். நம் தெருவில் ஒருவரிடமும் ஒரு தேனீகூடக் கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பது பாகத்தில் நான்காவது மட்டும் வண்டியிலிருந்து வேறு எங்கோ இறங்கிவிட்டது. மூன்றாம் பாகக் கடைசியில் உல்மேகன் அவன் முகத்தில்கூட விழிக்க மாட்டேன் என்கிறாள், ஐந்தாம் பாகம் ஆரம்பிக்கும்போது அவளுக்குக் கையில் குழந்தை. நடுவில் என்ன நடந்தது என்று இந்தக் குளிர்காலம் முழுக்கத் தெருவே பேசியது, அவரவர் மனசில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது, எழுத முடியாது.

எதிர்வீட்டுக் குல்பர்ஷின் அக்காவுக்கு, இதைக் கவனமாகப் படி, "நம் மக்களின் மணச் சடங்குகள்" வந்தது. நானூறு பக்கம், செங்கல் கனம். அவள் மகன் ஜந்தோஸுக்கு வயது இருபத்தாறு. தெருவில் இத்தனை வீடு இருக்க அந்தத் தட்டு ஏன் அந்த வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்று மெருயெர்ட்டைக் கேட்டேன், வண்டி அங்கேதான் சரிந்தது என்கிறாள்.

ஜனவரிக்குள் எல்லோரும் சொந்தத் தட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுத் தட்டை இரவல் வாங்க ஆரம்பித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத கை புத்தகத்தை மட்டும் வெறுமையாகக் கொடுக்குமா. உல்மேகனின் முதல் பாகம் ஏழு பவுர்சாக் பணியாரத்தோடு திரும்பி வந்தது, இரண்டாம் பாகம் ஒரு துண்டு குதிரைக்கறித் தொத்திறைச்சியோடு, அட்டையில் நெய். மெருயெர்ட் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், இது நூலகமா சமையல்கட்டா என்று. அதற்குள் பழகிவிட்டது. அப்புறம் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் ஏழு பெண்கள் டீ குடிக்கக் கூடி, நான் இதைப் படித்தேன் நீ இதைப் படி என்று சொல்லும் வழக்கமும் வந்தது. அங்கே என் மரியாதையைச் சொல்ல வேண்டும். நான் இலக்கியம் படித்தவள், பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக் கொடுப்பவள், ஆகவே கடைசி வார்த்தை என்னுடையது. ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ம் என்பேன். அந்த ம் தான் நம்மைக் கவிழ்த்தது.

பிப்ரவரி முதல் வாரம் குல்பர்ஷின் அக்கா உல்மேகனின் எட்டாம் பாகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கூடவே தன் செங்கல் புத்தகத்தையும் என் கையில் வைத்தாள். வைத்து, "ராவ்ஷான், நீ படிச்சவ, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன், நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் படிச்சுப் பாரு, படிச்சிட்டு உன் மனசுல என்ன தோணுதோ சொல்லு" என்றாள். எட்டாம் பாகத்தோடு ஒரு சின்னத் துணி முடிச்சு இருந்தது, அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளித் தோடு ஒரு ஜோடி, சிவப்புக் கல், தொங்கும் வெள்ளி மணிகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பவுர்சாக் வரும் இடத்தில் வெள்ளியா என்று. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, எட்டாம் பாகத்தில் உல்மேகன் கிணற்றடியில் நிற்கும் இடம் அவள் மனசை அப்படி உருக்கியிருக்கிறது என்று நினைத்தேன். இலக்கியத்தின் சக்தி என்று நினைத்தேன். சிரிக்காதே. அன்று எனக்கு நாற்பது நோட்டுத் திருத்த வேண்டியிருந்தது, செங்கல்லை ஜன்னல் ஓரம் வைத்தவள் மறந்தே போனேன். சனிக்கிழமை வந்தது, அந்த வாரம் செய்னெப் அக்கா வீடு. கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாமல் போனால் கொடுத்தவள் மனசு நோகுமே என்று அந்தத் தோட்டை என் காதில் மாட்டிக்கொண்டு போனேன். நன்றாகத்தான் இருந்தது, நாற்பது வயதுக்கு நான் இன்னும் மோசமில்லை. உள்ளே நுழைந்ததும் ஆறு பெண்களும் என் காதையே பார்த்தார்கள். குல்பர்ஷின் அக்கா முகம் மலர்ந்து, "படிச்சியா?" என்றாள். நான் கோட்டைக் கழற்றிக்கொண்டே, படித்தேன் அக்கா, ரொம்ப அருமை, ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் நடக்கணும் என்றேன். உடனே அவள் என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "அப்ப இனிமே நீ என்னை அக்கான்னு கூப்பிடாதே, சம்பந்தின்னு கூப்பிடு" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். செய்னெப் அக்கா உள்ளே போய் நல்ல டீ செட்டை எடுத்துவந்தாள், அதைப் பார்த்ததும்தான் ஏதோ விபரீதம் என்று எனக்குப் புரிந்தது, அவள் அந்த டீ செட்டை எதற்கெல்லாம் எடுப்பாள் என்று உனக்கே தெரியும்.

ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுக்கு ஓடி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தேன். பையனின் தாய் பெண்ணின் காதில் தோடு போட்டால் அந்தப் பெண் அந்த வீட்டுக்கு என்று பேசி முடித்த மாதிரி, பெண் வெளியூரில் இருந்தால் தோட்டைத் தாயிடம் கொடுத்து வைக்கலாம், தாய் மறுக்காமல் வாங்கிக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னால் சம்மதம், என்று போட்டிருக்கிறது. தோடு போடும் வழக்கம் எனக்குத் தெரியாதா, என் காதிலும் போட்டார்களே. தாயிடம் கொடுத்து வைக்கலாம் என்பதுதான் தெரியாது. நான் வாங்கி, மாட்டி, ஊர்வலமும் போய், அருமை என்று மதிப்புரையும் சொல்லிவிட்டேன். உங்கப்பாவிடம் சொன்னேன். தேனீப் புத்தகத்தை மூடாமலே, "தோடு உன் காதுலதானே இருக்கு, அப்ப ஜந்தோஸைக் கட்டிக்கப் போறது நீதான், நான் எங்கே போய்ப் படுக்கிறது, பசுவோடயா?" என்றார். சிரித்து முடித்ததும், பையன் நல்லவன்தான், வெல்டிங் பட்டறை சொந்தமாக வைத்திருக்கிறான், குடிப்பதில்லை, எதிர்வீடு, கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி மூன்று வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தும் இருந்தது.

இங்கேதான் உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். மறுநாளே தெருவைக் கடந்து போய்த் திருப்பிக் கொடுத்திருக்கலாம், பதினெட்டு அடி தூரம்தான். மூன்று வாரம் கொடுக்கவில்லை. பால் கறக்கும்போது நினைத்துப் பார்ப்பேன், நீ படிப்பை முடித்துவிட்டு வந்து எதிர்வீட்டு ஜன்னலைத் துடைப்பாய், நான் இங்கிருந்து கத்துவேன், நீ அங்கிருந்து கத்துவாய், உன் இருமல் இரவு எப்படி இருக்கிறது என்று போனில் ஆயிரம் தடவை கேட்க வேண்டாம், எனக்கே கேட்கும். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, தோட்டை வாங்கியது தெரியாமல்தான், வைத்துக்கொண்டது தெரிந்துதான். என் காதில் உன் பாட்டி, உங்கப்பாவின் அம்மா, தோடு போட்ட நாளைப் பற்றி உன்னிடம் ஒழுங்காகச் சொன்னதில்லை. கல்லூரியில் மூன்றாம் வருஷம், பத்தொன்பது வயது, மறுநாள் பரீட்சை, மடியில் திறந்த புத்தகம். நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள், ஒருத்தி என் தலைமுடியை ஒதுக்கினாள், உன் பாட்டி மாட்டினாள், யாரோ எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், நான் எந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். உங்கப்பா நல்ல மனிதர், தேனீ விஷயம் தவிர. கடைசிப் பரீட்சையை உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே எழுதி முடித்தேன், அதிலும் குறை இல்லை. ஆனால் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று இருபத்தோரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கவே கேட்காத கேள்விக்குப் பதில் இப்படித்தான், எப்படி வேண்டுமானாலும் வளையும்.

நடுவில் ஒருநாள் ஜந்தோஸ் நம் வீட்டு உடைந்த அடுப்புக் கதவைப் பற்றவைக்க வந்தான். காது நுனி வரை சிவந்து போய், "அக்கா, சத்தியமா அம்மா எங்கிட்டயும் கேக்கலை, நான் எட்டாம் வகுப்புல இருக்கறப்ப உங்க பொண்ணு பனி உருண்டைக்குள்ள கல்லு வெச்சு அடிச்சா, அதுக்கப்புறம் அவகிட்ட நான் நேராப் பேசினதே இல்லை, இது தெரிஞ்சா ப்ளேன் பிடிச்சு வந்து கொன்னுடுவா, எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதிடுங்க" என்றான். எழுதிவிட்டேன். போகும்போது வாசலில் நின்று, அவள் இப்போது அங்கே என்ன படிக்கிறாள் அக்கா என்றும் கேட்டான். கட்டடக்கலை என்றேன். அது தெரியும், ராத்திரி தூங்கும் முன் என்ன படிப்பாள் என்றான். எனக்குத் தெரியவில்லை. இதையும் எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை, நீயே பார்த்துக்கொள்.

அவன் போன பிறகு செங்கல்லை எடுத்து முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன். தண்டனை மாதிரி ஆரம்பித்தது, பத்து நாளில் நானூறு பக்கமும் முடித்தேன், நடுவில் அடுப்பில் இரண்டு தடவை பால் பொங்கியது. நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் என்ன சொல்கிறது தெரியுமா. நூற்றுப் பன்னிரண்டின் வாக்கியம் அங்கே முடியவில்லையாம், எதிர்ப் பக்கத்தில் தொடர்கிறது. ஆயினும் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவள் வாய் திறந்து சொல்லும்படி கேட்காதவரை அந்தத் தோடு வெறும் வெள்ளி, வாக்கு ஆகாது. கண்ணை எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்தச் சோம்பல்பட்டு ஒரு தெருவே கை தட்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை நம் வீட்டு முறை. எல்லோரும் வந்தார்கள், குல்பர்ஷின் அக்கா நவ்ரிஸ் பண்டிகைக்கு உனக்கு என்ன சீர் அனுப்புவது என்று பேச ஆரம்பித்தாள். நான் துணி முடிச்சை மேஜை மேல் வைத்து, அக்கா நான் அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை, படித்த மாதிரி பேசிவிட்டேன் என்றேன். இலக்கியம் படித்தவள், கேட்டாயா, நாற்பது வயதில், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். பிள்ளைகள் படிக்காமல் வந்தால் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன், அன்று எனக்கே சுவர் எந்தப் பக்கம் என்று தேடத் தோன்றியது. குல்பர்ஷின் அக்கா முகம் வெளுத்துவிட்டது. "அப்ப என் தோட்டை என்னன்னு நினைச்சு மாட்டினே? பவுர்சாக்குன்னா?" என்றாள். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. திடீரென்று செய்னெப் அக்கா இருமினாள், இருமிவிட்டு, "நானும் ஒண்ணு சொல்லிடறேன், எனக்குக் கொலைகாரனை மட்டுந்தான் தெரியும், யார் செத்தான்னே தெரியாது, கடைசி ரெண்டு பக்கம்தான் எல்லாத்துலயும் படிச்சேன்" என்றாள். ஓராஸ்பெக்கின் மனைவி, உல்மேகனின் நான்காம் பாகம் தன் வீட்டில்தான் இருக்கிறது, புருஷன் மறைத்து வைத்திருக்கிறான், நீங்களெல்லாம் பேசிக்கொள்வது புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்ததால் நானும் சொல்லவில்லை என்றாள். மெருயெர்ட் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தேன். குல்பர்ஷின் அக்கா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தானே இன்னொரு தடவை படித்தாள். தாளை முன்னே திருப்பினாள், பின்னே திருப்பினாள். நான் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டேன், அதுவே போதும்போல இருந்தது என்றாள், அப்படிச் சொன்னபோது அவள் குரல் சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. ஒரே பிள்ளை அவளுக்கும். முடிச்சை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், என் பக்கமே தள்ளினாள். "கேளு. எழுதியிருக்கில்ல, கேளு. கேட்டு, வேண்டாம்னா திருப்பிக் குடு, எனக்குக் கோவம் ரெண்டு வாரந்தான் இருக்கும். ஆனா நீ சொல்லிக் குடுத்துச் சொல்ல வைக்காதே" என்றாள். டீ ஆறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஆகவே இப்போது கேட்கிறேன். பலாவுசா, எதிர்வீட்டு ஜந்தோஸைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா, இல்லையா, இப்போது யோசிக்கவே இஷ்டமில்லையா. மூன்றாவதும் ஒரு பதில்தான். உங்கப்பாவுக்கு என்ன ஆசை என்று மேலே எழுதிவிட்டேன், என் ஆசை என்ன என்று கேட்காதே, கேட்டால் பெருந்தன்மையாக ஏதாவது பொய் சொல்லிவிடுவேன். வயது, படிப்பு, இன்னும் இரண்டு வருஷம், பட்டறை, பனி உருண்டை எல்லாவற்றையும் நீயே எடைபோடு. யாரும் தலைமுடியை ஒதுக்கவில்லை, நீ படிக்கிற பக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

உன் பதில் வேண்டாம் என்றால் ஒரு சங்கடம், தோட்டைத் தனியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, கூட ஒன்று போக வேண்டும், பவுர்சாக் போதாது. நீ அங்கிருந்து ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துச் சொல், குல்பர்ஷின் அக்கா உண்மையிலேயே கடைசிப் பக்கம் வரை படிக்கிற மாதிரி ஒன்று, அவள் மனசு ஆறுகிற மாதிரி, நான் எங்காவது தேடி வாங்கி அதோடு சேர்த்துக் கொடுக்கிறேன். சம்மதம் என்றாலும் ஒரு புத்தகம் சொல், அது ஜந்தோஸுக்கு, அவன் கேட்ட கேள்விக்கு.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை பார். எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் என்றால் போன மாதம் வரை உல்மேகன் என்று சொல்லியிருப்பேன், அது பொய், ஆறாம் பாகத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. இப்போது அந்தச் செங்கல்தான். பாதிக்கு மேல் அபத்தம், குதிரைக்கு எத்தனை மணி கட்ட வேண்டும் என்று பதினோரு பக்கம், ஆனாலும் ஒரு தாளும் விடாமல் நான் படித்த புத்தகம் கல்லூரிக்குப் பிறகு அது ஒன்றுதான். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடாதே. உங்கப்பா தேனீப் புத்தகத்தைச் சிபாரிசு செய்யச் சொல்கிறார், செய்துவிட்டேன்.

பகலில் ஒரு தடவையாவது சூடாகச் சாப்பிடு. ஈர முடியோடு வெளியே போகாதே. கடவுள் உன் கண்ணையும் காதையும் நன்றாக வைத்திருக்கட்டும், பாதை வழுக்காமல் இருக்கட்டும், நல்லவர்கள் எதிர்ப்படட்டும். தோடு சர்க்கரை டப்பாவில் இருக்கிறது, நான் மாட்டிக்கொள்ளவில்லை, ஒரே ஒரு தடவை தவிர. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் பதில் எழுது, நீ படித்தாயா என்று எனக்குத் தெரிய வேண்டும், ஆகவே பதிலில் நம் பசுவுக்கு இந்த மாதம் என்ன விசேஷம் என்று ஒரு வரி எழுது. அது முதல் வரியிலேயே இருக்கிறது, நீ அதைத் தாண்டித்தான் ஓடிவந்திருப்பாய்.

உன்னைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்,
அம்மா ராவ்ஷான்